ஊர்ப்பொதுவும் ஊரின் அழகும்: பிரெஞ்சு வேளாண் சிற்றூர் ஒன்றின் மரபு எதில் நிற்கிறது?



மரபைப் பேண வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. எதைப் பேணினால் மரபு நிற்கும் என்பதில்தான் தெளிவு போதவில்லை. அந்தக் கேள்வியை நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு நிலத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். பிரான்ஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பாரிஸ் நகரமும் புதுச்சேரியின் பழைய வீதிகளும்தான். ஆனால் அந்த நாட்டின் அடிப்படை அலகு சிற்றூர். 1789 டிசம்பர் 14ஆம் நாள் சட்டம், பழைய கிறித்தவப் பங்குகளையும் ஊர்ச் சமுதாயங்களையும் கொம்யூன் என்னும் ஆட்சி அலகுகளாக மாற்றியது. இன்று ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் உள்ளன; அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. அப்படிப்பட்ட சிற்றூரில்கூட ஒரு மேயர் இருக்கிறார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கிறது. தேவாலயமும், முதல் உலகப் போரில் மாண்ட ஊர்ப்பிள்ளைகளின் பெயர் பொறித்த நினைவுத்தூணும் இருக்கின்றன. இந்த ஊர்களின் அழகை உலகம் பாராட்டுகிறது. அந்த அழகை உண்டாக்கியது எது என்று கேட்பவர்கள் குறைவு. என் வாதம் இது: ஊரின் கட்டடங்களை எழுப்பியது ஊரார் தமக்குள் வகுத்துக்கொண்ட பொது ஏற்பாடு. அந்த ஏற்பாடு உயிரோடு இருக்கும்வரை கட்டடங்களுக்குக் காவல் தேவையில்லை. அது போன பிறகு கட்டடத்தை மட்டும் காக்க முயல்வது பெருஞ்செலவு வைக்கும், சிறு பலன் தரும்.

இதற்குச் சான்றாகக் கிழக்குப் பிரான்சில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய பிரான்ஷ்-கோம்தே பகுதியை எடுத்துக்கொள்கிறேன். அங்குள்ள சிற்றூர்களுக்குப் போகும் எவரையும் வியக்க வைப்பவை நீரூற்று மண்டபங்களும் துணி துவைக்கும் துறைகளும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கட்டப்பட்டவை. கிரேக்கக் கோயிலைப் போலத் தூண் வரிசை, வளைந்த கல் வாயில்கள், செதுக்கிய கல் தொட்டிகள். சில ஊர்களில் கீழ்த்தளம் சலவைத் துறை, மேல்தளம் மேயர் அலுவலகம். சில நூறு பேர் வாழ்ந்த உழவர் ஊருக்கு இவ்வளவு பெரிய கட்டடம் எழுப்பப் பணம் எங்கிருந்து வந்தது? எந்தப் பிரபுவும் கொடுக்கவில்லை. ஊர்க் காட்டின் மரத்தை விற்ற பணம் அது. பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1669இல் கொண்டுவந்த காட்டுச் சட்டம், ஊருக்குச் சொந்தமான காட்டில் நாலில் ஒரு பங்கை வெட்டாமல் ஒதுக்கி வைக்க வேண்டும் என்றது. அந்த விதி பின்னர் இந்தப் பகுதிக்கும் வந்தது. ஒதுக்கிய பங்கு பல பத்தாண்டுகள் வளர்ந்து முதிரும். தேவாலயம் இடிந்தாலோ, நீரூற்று தேவைப்பட்டாலோ, பள்ளிக்கூடம் கட்ட வேண்டியிருந்தாலோ, ஊர் அனுமதி பெற்று அந்த மரத்தை விற்கும். மண்டபத்தின் தூண்களுக்குப் பின்னால் இருப்பது மூன்று தலைமுறை வெட்டாமல் பொறுத்த ஓர் ஊரின் கட்டுப்பாடு.

அந்தக் காட்டு ஏற்பாடு இன்னும் முற்றாக மறையவில்லை. பிரான்சில் சுமார் 11,000 கொம்யூன்களுக்குச் சொந்தக் காடு உண்டு. கிழக்குப் பகுதிகளில் பல ஊர்கள் இன்றும் குடும்பங்களுக்கு விறகு பங்கிடுகின்றன. வனத்துறை வெட்ட வேண்டிய மரங்களை அடையாளமிடும். மன்றம் அவற்றைச் சம பங்குகளாகப் பிரித்து எண்ணிடும். எந்தப் பங்கு எந்த வீட்டுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். வெட்டும் வேலைக்கு ஊரார் மூவர் பொறுப்பேற்பார்கள். இளமரம் சேதமானால் அவர்களே பதில் சொல்ல வேண்டும். அவரவர் வீட்டு அடுப்புக்கு என்று கிடைக்கும் இந்த விறகை விற்க இன்று சட்டம் இடம் கொடுப்பதில்லை. இதில் ஆளுக்குக் கிடைக்கும் விறகின் விலை பெரிதல்ல. ஆனால் நேற்று வந்து குடியேறிய குடும்பமும், பத்துத் தலைமுறையாக வாழும் குடும்பமும் ஒரே குடத்திலிருந்து சீட்டு எடுக்கின்றன. ஊர் உறுப்பினர் என்ற நிலைக்கு அங்கே கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று இருக்கிறது.

காட்டைவிட வலுவான சான்று பாலில் இருக்கிறது. இதே பகுதியின் ஜூரா மலையில் பனிக்காலம் நீண்டது. கோடையில் சுரக்கும் பாலைப் பனிக்காலத்துக்குச் சேமிக்க ஒரே வழி, பெரிய வட்டான பாலாடைக்கட்டியாக்கி முதிர வைப்பது. கோம்தே எனப்படும் அந்த வட்டு ஏறத்தாழ 40 கிலோ எடை. அதற்குச் சுமார் 400 லிட்டர் பால் வேண்டும். சில மாடுகள் மட்டும் வைத்திருந்த எந்தக் குடும்பத்தாலும் ஒரு நாளில் அவ்வளவு பாலைத் திரட்ட முடியாது. எனவே அக்கம்பக்கத்தார் பாலை ஓரிடத்தில் ஊற்றி, ஒரு கைவினைஞரை அமர்த்தி, விளைந்ததைப் பங்கிட்டார்கள். 'ஃப்ரூயித்தியேர்' எனப்படும் இந்தப் பால் கூட்டுறவு பற்றி 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே, தெசெர்வில்லே, லெவியே போன்ற ஊர்களைச் சுட்டிக் குறிப்பு இருக்கிறது. கூட்டுறவு பற்றிய கோட்பாடுகள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, தேவை அந்த மக்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

அங்கே நடக்கும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முந்திய மாலைப் பாலும் அன்று காலைப் பாலும் செப்புக் கொப்பரையில் சேர்கின்றன. சுமார் 32 பாகை வெப்பத்தில் உறைநொதி ஊற்றிப் பாலைத் திரைய விடுகிறார்கள். திரைந்த கட்டியைக் கோதுமை மணி அளவுக்குக் கம்பிக் கத்திகளால் அறுத்து, 53 பாகைக்கு மேல் சூடேற்றி, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கிளறுகிறார்கள். பிறகு அச்சில் அழுத்தி நீரை வடிக்கிறார்கள். ஒவ்வொரு வட்டின் பக்கத்திலும் பச்சை நிறத் தகடு ஒன்று பதிகிறது. எந்தக் கூட்டுறவில் செய்தது என்பதை அது சொல்லும். வட்டுகள் ஸ்புரூஸ் மரப்பலகைகளில் குறைந்தது 120 நாள் முதிர வேண்டும். பெரும்பாலானவை அதைவிட நெடுநாள் கிடக்கின்றன. அவ்வப்போது புரட்டி, உப்பு நீரால் தேய்த்துவிடுவார்கள். முடிவில் 20க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 12க்குக் கீழே விழுந்த வட்டு கோம்தே என்ற பெயரில் விற்பனைக்குப் போகாது. ஒருவர் வீட்டுக் கறவையில் சுத்தம் குறைந்தால் கொப்பரையில் ஊற்றிய அத்தனை பேர் பாலும் கெடும். நம்பிக்கையும் கண்காணிப்பும் இங்கே ஒரே கொப்பரையில் கலக்கின்றன.

இந்த ஏற்பாடு பழமையின் மிச்சமாகத் தானாகவே பிழைத்து நிற்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதுவும் அழிவின் விளிம்பில்தான் இருந்தது. பிற மலைப்பகுதிகளைப் போல ஜூராவும் ஆலைப் பாலாடைக்கட்டிக்கு மலிவாகப் பால் ஊற்றும் பகுதியாக ஆகியிருக்கக்கூடும். 1952இல் திழோன் நீதிமன்றத் தீர்ப்பு கோம்தே என்ற பெயருக்கு எல்லை வகுத்தது. 1958இல் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. 1963இல் உழவர், கூட்டுறவு, முதிர்விப்போர் அனைவரும் அமரும் பொது மன்றம் உருவானது. அந்த மன்றத்தில் அவர்கள் தமக்குத் தாமே தடைகளை விதித்துக்கொண்டார்கள். மோன்பெலியார்ட், பிரெஞ்சு சிமென்டால் என இரண்டே மாட்டினங்கள். மாட்டுக்குக் குறைந்தது ஒரு ஹெக்டேர் புல்நிலம். ஊறுகாய்ப்புல் எனப்படும் சைலேஜ் கூடாது; பசும்புல்லும் உலர்புல்லுமே அடிப்படைத் தீவனம். பால் திரட்டும் வட்டம் 25 கிலோமீட்டர் விட்டத்துக்கு மேல் விரியக் கூடாது. ஹெக்டேருக்கு 4,600 லிட்டர் என்று உற்பத்திக்கே உச்சவரம்பு. கறவை ரோபோவுக்கும் தடை. சந்தைப் பொருளியல் படித்தவர் கண்ணுக்கு இவை எல்லாம் திறமைக் குறைவாகத் தெரியும். விளைவு வேறாக இருக்கிறது: சாதாரணப் பாலுக்குக் கிடைப்பதைவிடக் கணிசமாக உயர்ந்த விலை அங்கே உழவருக்குக் கிடைக்கிறது. சுமார் 2,400 பண்ணைகளும் சுமார் 140 கூட்டுறவுகளும் இன்றும் நடக்கின்றன. வட்டத்துக்கு வரம்பு இருப்பதால் கூட்டுறவு ஊரைவிட்டு நகர முடியாது. கூட்டுறவு ஊரில் இருப்பதால் கடை இருக்கிறது. இளங்குடும்பம் இருப்பதால் பள்ளியில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அகன்ற கூரையும், இறைச்சியைப் புகையில் தொங்கவிடும் பெரும் புகைபோக்கியும் கொண்ட பண்ணை வீடு இடியாமல் நிற்பதற்குக் காரணம், அதில் பண்ணை நடப்பதுதான்.

இதற்கு எதிர்நிலையையும் பார்க்க வேண்டும். 1955இல் பிரான்சில் சுமார் 23 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3,90,000. சராசரிப் பரப்பு 69 ஹெக்டேர் ஆகிவிட்டது. இந்த மாற்றம் தற்செயல் அல்ல. சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்றுசேர்க்கும் சட்டம் 1941இல் வந்தது. 1960, 1962 வேளாண் சட்டங்கள் பண்ணைகள் பெரிதாக வழி வகுத்து, முதிய உழவர் விலக ஓய்வூதியமும் கொடுத்தன. நிலத்தை ஒன்றுசேர்த்ததில் நியாயம் இருந்தது; மூலைக்கு ஒன்றாகக் கிடந்த துண்டுகளில் டிராக்டர் ஓட்ட முடியாது. ஆனால் துண்டுகளோடு சேர்த்து உயிர்வேலிகளையும் பிடுங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20 லட்சம் கிலோமீட்டர் நீண்டிருந்த உயிர்வேலியில் இன்று பாதிகூட மிஞ்சவில்லை. அண்மையில் வந்த அரசு ஆய்வும் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டருக்கு மேல் இன்னும் அழிந்துவருவதாகச் சொல்கிறது. வேலி நடச் சொல்லி இன்று அரசு மானியம் கொடுக்கிறது. ஆனால் வேலி என்பது அவ்வப்போது கழிக்க வேண்டிய மரம். கழித்த கிளை விறகாகவும் தழை தீவனமாகவும் பயன்பட்ட காலத்தில் அது தானே நின்றது. பயன் அறுந்த பின் மானியம் நட்ட வேலிக்கு அதை நட்ட கையே எதிரியாகிறது.

முதல் மறுப்பு இங்கே எழும், அது கனமானது. பழைய சிற்றூர் வாழ்க்கையை நாம் அழகாக்கிக் காட்டுகிறோமா? பொருளியலாளர் ழான் பூராஸ்தியே 1979இல் வெளியிட்ட நூலில் இரண்டு ஊர்களை ஒப்பிட்டார். ஒன்று வறுமையில் உழலும் ஊர்: 534 பேர், உழைப்போர் 279 பேரில் 208 பேர் உழவர், ஊருக்கு இரண்டே டிராக்டர். மற்றொன்று வளமான ஊர்: 670 பேர், உழைப்போர் 215 பேரில் உழவர் 53 பேர் மட்டுமே. பிறகுதான் இரண்டும் ஒரே ஊர் என்று வெளிப்படுத்துகிறார்: தென்மேற்கின் லோத் மாவட்டத்தில் உள்ள துவெல், 1946இலும் 1975இலும். அந்த முப்பது ஆண்டுகள் பச்சிளம் குழந்தைகளின் சாவைக் குறைத்தன, முதுகொடியும் வேலையை இயந்திரத்துக்கு மாற்றின. இதை யாரும் குறை சொல்ல முடியாது. நாம் வியக்கும் சலவைத் துறையில் பனிக்காலத்திலும் உறைநீரில் கை நனைத்து முழங்காலிட்டுத் துவைத்தவர்கள் பெண்கள். மேல்தளத்து மன்றத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944இல். அவர்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945 ஏப்ரல் ஊர்மன்றத் தேர்தலில். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை வீழ்த்தவில்லை. நான் காக்கச் சொல்வது பழைய வேலையை அல்ல, சேர்ந்து முடிவெடுக்கும் ஏற்பாட்டை. ஏற்பாட்டைத் திருத்த முடியும் என்பதற்கு வரலாறே சான்று. பொது நிலத்தைப் பிரிக்கலாமா என்று ஊர்கூடி முடிவெடுக்கச் சொன்ன 1793 ஜூன் 10ஆம் நாள் சட்டம், 21 வயது நிறைந்த ஆண், பெண் இருபாலருக்கும் வாக்குரிமை அளித்தது. நாட்டு அரசியலில் பெண்ணுக்கு வாக்கு கிடைப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு. கணவனும் மனைவியும் சம பங்காளிகளாகப் பண்ணை நடத்த 1985இலும் 2010இலும் வந்த சட்டங்கள் வழி திறந்தன. கல்லைத் திருத்த முடியாது, விதியைத் திருத்தலாம். மரபை விதியில் தேட வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது மறுப்பு சுற்றுலாவின் பெயரால் வருவது. உழவு போனால் போகட்டும், ஊரின் அழகைக் காட்டி ஊர் பிழைக்கக் கூடாதா என்பது அது. 1982இல் கொரேஸ் மாவட்டத்துக் கொலோன்ழ்-லா-ரூழ் ஊரின் மேயர் ஷார்ல் செய்ராக், 'பிரான்சின் மிக அழகிய சிற்றூர்கள்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். மக்கள் தொகை 2,000க்கு மேல் போகக் கூடாது, பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பவை அதன் விதிகளில் சில. ஆளில்லாமல் இடிந்துகொண்டிருந்த ஊர்களை அந்தச் சங்கம் காப்பாற்றியது; அந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் சுற்றுலா மட்டும் வாழ்வாதாரமான இடத்தில் வீட்டு விலை ஏறுகிறது. வெளியூர்க்காரர் விடுமுறை வீடு வாங்குகிறார். உழவரின் மகனும் பள்ளி ஆசிரியையும் அந்த ஊரில் குடியிருக்க முடிவதில்லை. கோடையில் கூட்டம், பனிக்காலத்தில் சாத்திய சன்னல். கட்டடம் முன்பைவிடப் பளிச்சென்று இருக்கிறது. மன்றத்துக்குப் போட்டியிட ஆள் கிடைப்பதில்லை. சுற்றுலா ஒரு நல்ல துணைவருமானம். உழவு இருக்கும் ஊரில் அது உழவருக்குச் சந்தையாகிறது. உழவு இல்லாத ஊரில் அது எசமானாகிறது.

மூன்றாவது மறுப்பு: கோம்தே ஒரு விதிவிலக்கு, எல்லா ஊருக்கும் புகழ்பெற்ற பாலாடைக்கட்டி கிடைக்குமா? கிடைக்காது. ஆனால் இதே நெறி வேறு வடிவில், வேறு நிலத்தில் பலித்திருக்கிறது. தெற்கே லார்சாக் மேட்டுநிலத்தில் ராணுவ முகாமை விரிவாக்க அரசு 1971இல் முடிவு செய்தது. 103 உழவர்கள் நிலத்தை விற்பதில்லை என்று உறுதி எடுத்துப் பத்தாண்டு போராடினார்கள். 1981இல் குடியரசுத் தலைவர் மித்தெரானின் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அதற்குள் அரசு வாங்கியிருந்த சுமார் 6,300 ஹெக்டேரை என்ன செய்வது? ஏலம் விட்டிருந்தால் அது பெரும் பணக்காரருக்குப் போயிருக்கும். உழவர்கள் சேர்ந்து ஒரு நிலச் சங்கம் அமைத்து, 1985இல் அதை நீண்டகாலக் குத்தகைக்குப் பெற்றார்கள். அங்கே உழவர் நிலத்தையும் வீட்டையும் உழைக்கும் காலம்வரை வைத்துக்கொள்ளலாம், விற்க முடியாது, ஓய்வு பெறும்போது அது அடுத்த இளங்குடும்பத்துக்குப் போகும். இந்த நிலச் சங்கமும், உழவு இயந்திரங்களைப் பலர் சேர்ந்து வாங்கும் 1945க்குப் பிந்திய கூட்டுறவுகளும் ஒரே பாடத்தைத் தருகின்றன. பொருள் எதுவாகவும் இருக்கலாம். பயனைப் பங்கிடும் விதி வேண்டும்.

நான்காவது மறுப்பு எல்லாவற்றிலும் கூர்மையானது. பொது ஏற்பாடு நன்றாக நடந்த இடத்திலேயே இயற்கை கெட்டிருக்கிறதே? ஜூராவின் சுண்ணாம்புப் பாறை சல்லடை போன்றது. வயலில் இட்ட எருவும் ஊரின் கழிவும் விரைவில் நிலத்தடி வழியாக ஆற்றைச் சேர்கின்றன. புகழ்பெற்ற லூ ஆற்றில் 2009, 2010 ஆண்டுகளில் மீன்கள் பெருமளவில் செத்தன. காரணங்கள் பல என்றாலும் பால்பண்ணைகளுக்கும் அதில் பங்கு உண்டு. பாலின் நல்ல விலையே உற்பத்தியைக் கூட்டும் ஆசையைத் தூண்டியது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. இதற்கு மழுப்பலான பதில் பொருந்தாது. அந்த ஏற்பாடு பாலைப் பொதுவாக்கியது, ஆற்றைப் பொதுவாக்க மறந்தது. குறை பொதுவில் இல்லை, பொதுவின் எல்லையை அவர்கள் குறுக்கி வரைந்ததில் இருக்கிறது. தனித்தனிப் பண்ணைகளாக இருந்தால் ஆற்றுக்காக ஒருவர் எருவைக் குறைத்தால் அவருக்கு மட்டும் நட்டம். பொது விதி இருக்கும் இடத்தில் எல்லாருக்கும் ஒரே நாளில் குறைக்க முடியும். ஆற்றைக் காக்கவும் அதே மன்றம்தான் தகுந்த கருவி. அதைச் செய்யத் தவறினால் அவர்கள் பேணிய மரபே அவர்கள் மேல் குற்றம் சுமத்தும்.

இந்தப் பின்னணியில் பிரெஞ்சு அரசின் அண்மைச் சட்டங்களை மதிப்பிடலாம். ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் கூவுவது தொந்தரவு என்று விடுமுறை வீட்டார் தொடுத்த வழக்கு 2019இல் தள்ளுபடியானது. அதன் அலையில் 2021 ஜனவரி 29ஆம் நாள், நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் மரபாக ஏற்கும் சட்டம் வந்தது. 2024 ஏப்ரலில் வந்த சட்டம், முன்பே நடந்துவரும் பண்ணைத் தொழிலைப் புதிதாகக் குடிவந்தவர் வழக்கால் நிறுத்துவதைக் கடினமாக்கியது. இரண்டும் நல்ல சட்டங்களே. ஆயினும் இரண்டாவதுதான் ஆழமானது. முதலாவது சேவலின் குரலைக் காக்கிறது. இரண்டாவது சேவல் வளர்ப்பவரின் பிழைப்பைக் காக்கிறது. வளர்ப்பவர் இல்லாத ஊரில் குரலுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தென்ன?

ஆகவே மரபுக்காகப் பணம் ஒதுக்கும் எந்த அரசும், எந்த அறக்கட்டளையும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் முடிவு. இந்தக் கட்டடத்தை உண்டாக்கிய பொது வருவாய் எது, அது இன்று யாரிடம் இருக்கிறது? அந்த ஊரில் ஓர் இளங்குடும்பம் உழைத்து வாழ வழி உண்டா? ஊரின் முடிவை ஊரார் எடுக்க மன்றம் இருக்கிறதா? சிறு கொம்யூன்கள் வீண்செலவு, பலவற்றை இணைத்துவிடலாம் என்ற குரல் பிரான்சில் இப்போது வலுக்கிறது. இணைப்பினால் ஆயிரத்துக்கு மேற்பட்டவை மறைந்தும்விட்டன. சாலையும் கழிவுநீரும் சேர்ந்து நடத்த வேண்டியவைதான். அதற்குக் கொம்யூன்களின் கூட்டமைப்புகள் உள்ளன. ஆனால் காட்டுப் பங்கைச் சீட்டுப் போடும் மன்றத்தைத் தொலைவுக்கு அனுப்பினால் சேமிப்பது சிறிது, இழப்பது பெரிது. இதற்கு மேலும் அவசரமான ஒன்று உண்டு. 2020 கணக்கெடுப்பின்படி பிரெஞ்சு உழவர்களில் 43 விழுக்காட்டினர் 55 வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் நிலம் விரைவில் கைமாறும். நில விற்பனையில் தலையிட 1960இல் தோன்றிய சஃபேர் அமைப்புகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. ஆனால் நிலத்துக்குப் பதில் நிறுவனப் பங்கை விற்று அந்த உரிமையைத் தாண்டும் வழி 2021 டிசம்பர் சட்டம் வரும்வரை பெருமளவு திறந்தே கிடந்தது. அந்த வழியை முழுமையாக அடைப்பதும், நிலம் இளைஞர் கைக்குச் சேர வைப்பதும் வேளாண் அமைச்சகத்தின் வேலை என்று பண்பாட்டுத் துறையினர் ஒதுங்கிவிடக் கூடாது. நீரூற்று மண்டபத்தின் கூரைக்கு ஓடு மாற்றும் திட்டத்தைவிட, அந்த ஊரின் புல்நிலம் அடுத்து யார் கைக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் சட்டம்தான் மரபுப் பாதுகாப்பில் முதலில் வர வேண்டும்.